‘அது ஏஜென்சி சமாசாரம்’ என்றால் விட்டுவிடாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் வீட்டிலிருக்கும் முதியோருக்கான சேவையில் கேர் பார்ட்னராக, அதாவது அவர்களுக்கான சேவைகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பவராக இருக்கிறேன். வேறு நிறுவனத்திலிருந்து எங்களிடம் மாறி வரும் குடும்பங்களின் பழைய ஸ்டேட்மென்ட்டுகளைப் புரட்டுவதும் என் வேலைதான். அண்மையில் வந்த ஒன்றைப் பார்த்தபின், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குடும்பத்தில் அப்பாவுக்கு வீடு சுத்தம் செய்ய வியாழன்தோறும் இரண்டு மணி நேரம் ஒரு பெண் வருகிறார். அவரை அனுப்புவது புரொவைடர் (அரசு காலாண்டுதோறும் ஒதுக்கும் பட்ஜெட்டில் சேவைகளை ஏற்பாடு செய்யும் நிறுவனம்) அல்ல, புரொவைடர் சப்-கான்ட்ராக்ட் கொடுத்திருக்கும் ஏஜென்சி. வியாழனன்று மகளுக்கு வேலை. தான் வீட்டிலிருக்கும்போது வந்தால் வசதி என்று அந்தப் பெண்ணிடமே வாட்ஸ்அப்பில் கேட்டு, சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஏஜென்சி சனிக்கிழமை ரேட்டில் இன்வாய்ஸ் போட்டது. புரொவைடர் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அப்பாவின் பட்ஜெட்டில் கழித்துக்கொண்டார்.

ஏஜென்சி இன்வாய்ஸ் என்றைக்கு உடனே வந்திருக்கிறது? அது வந்து சேரும்வரை ஸ்டேட்மென்ட்டில் பணம் நிறைய மிச்சமிருப்பதுபோலத் தெரியும். அந்த மிச்சத்தை நம்பி வேறு சேவைகளையும் கூட்டினார்கள். பிறகு எல்லா இன்வாய்ஸும் சேர்ந்து வந்து விழுந்தன. காலாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே பட்ஜெட் காலி. புரொவைடருக்கு போன் செய்த மகளுக்குக் கிடைத்த பதில்: “அது ஏஜென்சி பண்ணினது, அவங்ககிட்டயே பேசிக்கோங்க.”

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அதைவிட எரிச்சல், அந்தக் குடும்பமும் “ஓ, அப்படியா” என்று ஏஜென்சிக்கு போன் போட்டதுதான்.

தயவுசெய்து கேளுங்கள். ஏஜென்சியோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. நீங்கள் கையெழுத்துப் போட்டது புரொவைடரோடு. 2025 நவம்பர் 1 அன்று புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருக்கும் முதியோருக்கான அரசு உதவித் திட்டங்களில், பழைய ஹோம் கேர் பேக்கேஜ் போய் ‘சப்போர்ட் அட் ஹோம்’ வந்ததும் அன்றுதான். பழையதிலும் சரி புதியதிலும் சரி, வேலையை யாரிடம் கொடுத்துச் செய்தாலும் பொறுப்பு புரொவைடருடையதுதான். வந்தவர் தாமதமாக வந்தாலும், வராமலே போனாலும், பொருளை உடைத்தாலும், அம்மாவிடம் குரலை உயர்த்தினாலும், இன்வாய்ஸில் மணி நேரம் கூடியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் புரொவைடர். வருகிறவரின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் கடமை. ‘எங்க ஸ்டாஃப் இல்லை’ என்பது பதிலே அல்ல.

பணத்திலும் இதே கதைதான். சப்-கான்ட்ராக்ட் செய்வதற்கென்று தனிக் கட்டணம் போடுவது 2023 ஜனவரி 1 முதலே கூடாது. புதிய திட்டத்தில் நிர்வாகச் செலவு, ஏஜென்சிக்குப் போவது, ஊழியர் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் பயணச் செலவு எல்லாம் சேவைக்கான மணி நேர விலைக்குள்ளேயே அடக்கம். ஸ்டேட்மென்ட்டில் இதற்கெல்லாம் தனி வரி தெரிந்தால் அன்றே கேளுங்கள். (நீங்களே ஆளைத் தேடிப் பிடித்து செல்ஃப்-மேனேஜ் செய்வது வேறு கணக்கு, அதற்குள் இப்போது போகவில்லை.)

“வர்ற பொண்ணு கைக்குப் போறது பாதிகூட இல்லையாம், கொள்ளை அடிக்கிறீங்க” என்று எங்களையும் திட்டுவார்கள். சூப்பர் (ஊழியரின் ஓய்வூதிய நிதி), இன்சூரன்ஸ், பயிற்சி, ரோஸ்டர் போடுகிறவர் சம்பளம் எல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சில விலைகளை என்னாலும் நியாயப்படுத்த முடியாது. அரசின் மை ஏஜ்டு கேர் இணையதளத்தில் புரொவைடர்களின் விலைகள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பல்லவி: “கவர்ன்மென்ட் காசுதானே, எவ்வளவு போட்டா என்ன?” ஒரு கணக்கு போடுவோம். திட்டம் தொடங்கியபோது நான்காம் வகுப்புக்கு (முதியவரின் தேவையைப் பொறுத்து அரசு தரும் உதவி நிலைகளில் ஒன்று) ஆண்டுக்கு ஏறத்தாழ 29,700 டாலர், அதாவது காலாண்டுக்குச் சுமார் 7,400. அதில் 10 சதவீதம் கேர் மேனேஜ்மென்ட்டுக்கு, அதாவது சேவைகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைக்கும் வேலைக்கு, முதலிலேயே போய்விடும். மிச்சம் சுமார் 6,700. மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், 13 வாரத்துக்கு வாரம் 5 மணி நேரம். அவ்வளவுதான். இதையே சனி, ஞாயிறு ரேட்டில் எடுத்தால் எத்தனை மணி நேரம் காணாமல் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவார்டு (இந்தத் துறைக்கான சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதிய விதிகள்) படி வீட்டுப் பராமரிப்பு ஊழியருக்குச் சனிக்கிழமை ஒன்றரை மடங்கு, ஞாயிறு இரண்டு மடங்கு ஊதியம். விலை ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, புதிதாகச் சேர்ந்தவர் முழு பென்ஷன் வாங்குபவராக இருந்தாலும், வீட்டுச் சுத்தம், தோட்ட வேலை போன்றவற்றின் விலையில் 17.5 சதவீதம் அவர் கையிலிருந்து போகிறது. விலை ஏறினால் அதுவும் ஏறும்.

எனவே, நாள் மாற்றம், நேர மாற்றம் எதுவானாலும் புரொவைடரிடம் மட்டும் பேசுங்கள். வருகிறவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் சரி. மாற்றினால் விலை மாறுமா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். கையில் காசு கொடுத்து ‘இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போம்மா’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா விழுந்தாலோ அந்தப் பெண்ணுக்கு அடிபட்டாலோ, யாருடைய இன்சூரன்ஸ் என்ற சண்டையில் நீங்கள்தான் நடுவில் நிற்பீர்கள்.

காலண்டரில் வந்த நேரம், போன நேரம் எழுதி வையுங்கள். பெற்றோரால் முடியாவிட்டால், வருகிறவரையே எழுதச் சொல்லலாம். ஸ்டேட்மென்ட் மாதா மாதம் வரும். அதையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சத் தொகையைப் பார்த்து எதையும் கூட்டுவதற்கு முன், “இன்னும் வராத ஏஜென்சி இன்வாய்ஸ் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். சேவை ஒப்பந்தம் போடும்போதே எந்தெந்த வேலைக்கு வெளியாள் வருவார்கள், வார இறுதி விலை என்ன என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத விலையை உங்கள் சம்மதமில்லாமல் போட முடியாது.

கேட்டும் பதில் வரவில்லையா? 1800 700 600 என்ற எண்ணில், முதியோருக்காக வாதாடும் ஓபான் (OPAN) அமைப்பு இலவசமாக உங்கள் தரப்பில் நின்று பேசும். அதிலும் தீராவிட்டால் முதியோர் பராமரிப்புத் தர ஆணையம், 1800 951 822. தமிழில் பேச வேண்டுமானால் முதலில் 131 450-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். புகார் சொன்னால் அம்மாவுக்கு ஆள் அனுப்ப மாட்டார்களோ என்று பலரும் பயந்து சும்மா இருக்கிறார்கள். புகார் செய்ததற்காகச் சேவையைக் குறைக்கக் கூடாது. குறைத்தால், அதே ஆணையத்திடம் அதையும் சொல்லுங்கள்.