கட்டியில் மட்டும் திறக்கும் கேப்சூல் வந்துவிட்டதா?

"கட்டிக்குள்ள போய்த்தான் திறக்குமாம் டாக்டர். அந்த கேப்சூலையே அம்மாவுக்குப் போடலாமே?" செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, மார்பகப் புற்றுநோயாளி ஒருவரின் மகள் கேட்டார். மறுநாள் அம்மாவுக்கு மூன்றாவது கீமோ. அந்த கேப்சூல் வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா என்பதுதான் அவர் மனதில் இருந்தது.

தள்ளிப்போடவே கூடாது என்றேன்.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை. ரத்தத்தின் பிஎச் அளவு 7.4. பல கட்டிகளைச் சுற்றி அது 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடும், அதாவது அமிலத்தன்மை கூடும். அதை உணர்ந்து திறக்கும் நுண்கேப்சூல்களை ஆய்வகங்களில் செய்கிறார்கள். ஆனால் மிகச் சிறிய ரத்தக்குழாயின் அகலமே 5 முதல் 10 மைக்ரான்தான். அதைவிடப் பெரிய கேப்சூல் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். சூடுபட்டால் மருந்தை விடும் லைப்போசோம் (மருந்தைச் சுமக்கும் கொழுப்புக் குமிழி) ஒன்று கல்லீரல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை போனது. 2013இல் வந்த முடிவு ஏமாற்றமே.

சரி, இப்போது கையில் இருப்பது என்ன? லைப்போசோமல் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் மருந்து. இது எதையும் உணர்ந்து திறப்பதில்லை. கட்டியின் ரத்தக்குழாய்களில் உள்ள இடைவெளி வழியே கசிந்து அங்கே தங்கும். சாதாரண டாக்சோரூபிசினைவிட இதயப் பாதிப்பு குறைவு, முடியும் அவ்வளவாகக் கொட்டாது.

அதே குமிழி பல நாள் ரத்தத்தில் சுற்றுவதால் உள்ளங்கை, உள்ளங்காலிலும் கசிகிறது. இதனால் வரும் எரிச்சலைத்தான் நோயாளிகள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்து போட்டுக்கொண்ட வேறொரு அம்மாவை நான் செருப்பைக் கழற்றச் சொன்ன பிறகுதான் பார்த்தேன்: பாதம் முழுக்கச் சிவப்பு, குதிகால் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. எரிச்சல் அடங்கும் என்று தினமும் ராத்திரி வெந்நீரில் காலை வைத்திருக்கிறார். வெந்நீர் அதை இன்னும் மோசமாக்கும். இறுக்கமான செருப்பும் அப்படித்தான்.

"சொன்னா ஊசியை நிறுத்திடுவீங்களோன்னு பயம்" என்றார்.

நிறுத்தவில்லை. அடுத்த ஊசியை இரண்டு வாரம் தள்ளிவைத்து, அளவைக் குறைத்தோம். தோல் ஆறியது, சிகிச்சையும் தொடர்ந்தது. லேசாக எரியும்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு வலியே வந்திருக்காது. இந்த மருந்து போடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அவர் பாதத்தைப் பாருங்கள்.