லிகமெண்டுக்குத் தசைநார் என்று எழுதலாமா?

கோலாலம்பூரில் தமிழில் அச்சாகும் உடல்நலத் துண்டறிக்கைகளில் ‘முழங்கால் தசைநார் கிழிவுக்கு எலும்பு முறிவு வைத்தியம்’ என்கிற மாதிரியான வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது. எழுதியவர் சொல்ல வந்தது, எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்டில் பட்ட காயத்துக்கு, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்படுத்தும் கைரோபிராக்டிக் சிகிச்சை என்பது. அதில் இரண்டு கலைச்சொற்கள், இரண்டுமே பிழை. வானொலி மருத்துவ நேரத்திலும் பந்து விளையாட்டுச் செய்திகளிலும் இதே தசைநார்தான் ஒலிக்கிறது. இனியும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இந்த ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லிகமெண்ட், கட்டுதல் என்று பொருள்படும் ‘லிகாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கைரோபிராக்டிக் கிரேக்கம்: ‘கெய்ர்’ என்றால் கை, ‘பிராக்டிகோஸ்’ என்றால் செயல் சார்ந்தது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் ஊரில், டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை அது. பெயரை எடுத்துக் கொடுத்தவர் சாமுவேல் வீட் என்ற பாதிரியார்.

இனி தசைநாருக்கு வருவோம். லிகமெண்ட் எலும்பையும் எலும்பையும் பிணைக்கிறது. தசைக்கு அங்கே வேலையே இல்லை. தசையை எலும்போடு சேர்ப்பது டெண்டன். அதற்குத் தசைநாண் என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. வில்லை வளைக்கும் நாணைப் போல, தசை சுருங்கும்போது எலும்பை இழுப்பது அதுதான். இல்லாத தசையை லிகமெண்டின் பெயரில் கொண்டுவந்து ஒட்டினால், படிப்பவர் மனத்தில் எழுவது டெண்டனின் படம்தான். சிலர் டெண்டனுக்கும் தசைநார் என்றே எழுதுகிறார்கள். போதாததற்குத் தசைகளே மெலிந்து நலியும் பரம்பரை நோயைத் தசைநார் சிதைவு என்கிறோம். அங்கே தசைநார் என்பது தசையின் இழை. ஆக ஒரே சொல் மூன்று உறுப்புகளைச் சுமக்கிறது. கலைச்சொல் என்று ஒன்றை உருவாக்குவதே குழப்பத்தைத் தவிர்க்கத்தானே?

அறுவைச் சிகிச்சையை விளக்கும்போது இந்தக் குழப்பம் முற்றிப்போகிறது. முழங்காலின் முன்குறுக்கு லிகமெண்ட் முழுதாக அறுந்துவிட்டால், பல நேரங்களில் நோயாளியின் தொடைப் பின்பக்கத் தசைநாணிலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து, அறுந்த இடத்தில் புதிய கட்டாகப் பொருத்துகிறார்கள். இதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதினால் ‘தசைநாரை எடுத்துத் தசைநாருக்குப் பதிலாக வைப்பார்கள்’ என்று வரும். கையெழுத்துப் போடும்முன் படிக்கிற நோயாளிக்கு என்ன புரியும்? உடம்பில் எங்கிருந்து எதை வெட்டப் போகிறார்கள் என்பதுகூடத் தெரியாது.

நம் நாட்டில் இதை இன்னும் மோசமாக்குவது ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளை, படிவம் 4 உயிரியலில் லிகமேன் வேறு, டெண்டோன் வேறு என்று மலாயில் தெளிவாகப் படிக்கிறது. மலாய்மொழி இரண்டையும் ஒலிமாற்றிக் கடனாக எடுத்துக்கொண்டு, வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தப் பிள்ளை வீட்டில் பாட்டிக்கு ஒரு தமிழ்த் துண்டறிக்கையைப் படித்துக் காட்டும்போது, அது மலாயில் அறிந்த வேறுபாடு தமிழில் காணாமல் போகிறது. அப்புறம் ‘தமிழில் அறிவியல் வராது’ என்று அது நினைத்தால் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

பாட்டி சொல்வது வேறு கதை. அவருக்கு எல்லாமே நரம்புதான். ‘முட்டியில நரம்பு விட்டுப்போச்சு’ என்பார். அது பிழையில்லை. யாழின் தந்தியை நரம்பு என்று பாடிய மொழி நம்முடையது. மலாய்க்காரரின் ‘ஊராட்’டும் அப்படித்தான், ரத்தக் குழாய் முதல் தசைநாண் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். பேச்சுக்கு அந்தத் தாராளம் உண்டு. அச்சில் மருத்துவத் தகவல் தருபவருக்குக் கிடையாது.

என் பரிந்துரை பிணைநார். பிணைத்தல் என்பது லிகாரேயின் பொருளை அப்படியே தருகிறது. நார் உறுப்பின் இயல்பைச் சொல்கிறது. எலும்பைப் பிணைக்கிற நார், அவ்வளவுதான். இதற்கு நான் கேட்ட மறுப்பு, பிணை என்றால் நீதிமன்ற ஜாமீன் நினைவுக்கு வருகிறது என்பது. வரட்டுமே. ஒருவரை வாக்குறுதியால் கட்டிவைப்பதும் பிணைத்தல்தான், வேர் ஒன்றே. இணைப்பு நார் என்கிறார்கள் சிலர். அதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் இணைப்புத் திசு என்ற பெரிய வகைக்குள் தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு எல்லாமே அடங்கும். பந்தனம் என்று வடமொழியில் எழுதுவோரும் உண்டு. பொருள் சரி, ஆனால் பிணைநார் கையில் இருக்கும்போது அது எதற்கு? எதுவும் பிடிக்கவில்லை என்றால் லிகமெண்ட் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். தூய்மைக்காகத் தெளிவை விற்பதை என்னால் ஏற்க முடியாது.

ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலமே தடுமாறுகிறது. முழங்கால் சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு இறங்கும் பட்டையைச் சிலர் லிகமெண்ட் என்பார்கள், சிலர் டெண்டன் என்பார்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருப்பதால் முதல் பெயர். சில்லே தொடைத் தசையின் நாணுக்குள் உருவான எலும்பு என்பதால் இரண்டாவது. நான் தசைநாண் என்றே எழுதுவேன், இழுக்கும் வேலையைச் செய்வதால்.

அடுத்து ‘எலும்பு முறிவு வைத்தியம்’. இது சொற்பிழை என்பதையும் தாண்டி ஆபத்தானது. எலும்பு முறிந்திருந்தால் அந்த இடத்தில் கைரோபிராக்டிக் அழுத்தம் கொடுக்கவே கூடாது. சித்த மரபில் ஒடிவு முறிவுக்குத் தனி வைத்தியம் இருக்கிறது, உருவி நீவும் தொக்கணம் இருக்கிறது. அவை வேறு மரபுகள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழும் கைரோபிராக்டிக் ஒரு துறை, பாரம்பரிய இந்திய மருத்துவம் வேறொரு துறை. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் கைரோபிராக்டிக்கைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறார்கள். கைமுறை மருத்துவம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உருவி விடுகிறவரும் அதற்குள் வந்துவிடுவார். எனவே கைரோபிராக்டிக் என்பதை அப்படியே வைத்து, ‘முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்படுத்தும் முறை’ என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

பெயர் சரியாக இருந்தால் எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும். லேசாக இழுபட்ட பிணைநாருக்கு, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியிலும் மூட்டின் அசைவை மீட்பதிலும் கைரோபிராக்டிக் நிபுணர் உதவலாம். பிசியோதெரபி நிபுணரும் அதே வேலையைச் செய்வார். முழுதாக அறுந்த முன்குறுக்குப் பிணைநாரை எந்தக் கையும் சொடுக்கி ஒட்டவைக்க முடியாது. பூட்சால் என்ற உள்ளரங்கக் காற்பந்து ஆடும்போது முட்டியில் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, கால் ஊன்றும்போது மூட்டு நழுவினால், முதலில் போகவேண்டியது மருத்துவமனைக்கு. ‘தசைநார்ப் பிரச்சினைதான், தசை வலிதானே’ என்று நீவச் சொல்லிக் கிடந்தவர்களை நான் அறிவேன். அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உறுப்பின் படத்தை ஒரு தடவை பார்த்திருந்தாலே தசை என்று எழுதக் கை வந்திருக்காது.

செய்தி எழுதுவோருக்கு முழங்காலின் நான்கு முக்கியப் பிணைநார்களின் பெயர்கள் இவை: முன்குறுக்குப் பிணைநார், பின்குறுக்குப் பிணைநார், உட்பக்கப் பிணைநார், வெளிப்பக்கப் பிணைநார். முதல் இரண்டும் மூட்டுக்குள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் அந்தப் பெயர். செய்தியில் முதல் தடவை ‘பிணைநார், அதாவது லிகமெண்ட்’ என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்த பத்தியிலிருந்து பிணைநார் தனியாகவே நிற்கும்.