800 மீட்டர்: கடைசி நூறில் உண்மையில் என்ன நடக்கிறது?

1976 ஜூலை 26, மான்ட்ரியல் ஒலிம்பிக், பெண்கள் 800 மீட்டர் இறுதி. பல்கேரியாவின் நிகோலினா ஷ்டெரேவா 1:55.42ல் ஓடி முடித்தார். அன்று காலை வரை உலக சாதனை 1:56.0. அதை முறியடித்தும் அவருக்கு வெள்ளிதான், ஏனென்றால் சோவியத் வீராங்கனை தாத்யானா கசன்கினா 1:54.94ல் முடித்துவிட்டார். மூன்றாவது வந்த கிழக்கு ஜெர்மனியின் எல்ஃபி ஸின் 1:55.60, நான்காவது அதே நாட்டின் அனிடா வைஸ் 1:55.74. நான்கு பேருமே பழைய சாதனையைத் தாண்டியவர்கள், அதில் ஒருவர் பதக்கமே இல்லாமல் ஊர் திரும்பினார்! ஆறாவதாக வந்ததும் ஒரு பல்கேரியர்தான்: 1973ல் ஏதென்ஸில் 1:57.5 ஓடி உலக சாதனை வைத்திருந்த ஸ்வெட்லா ஸ்லாதேவா.

இந்த மாதிரி ஓட்டத்தை டிவியில் பார்த்தால், கடைசி நேர்ப்பாதையில் ஒருவர் திடீரென வேகமெடுத்து மற்றவர்களைத் தாண்டுவது போலத் தெரியும். வேகமாகத் தொடங்கிய 800ல் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எல்லோருமே மெதுவாகிக்கொண்டிருக்கிறார்கள், ஜெயிக்கிறவர் மற்றவர்களை விடக் கொஞ்சம் குறைவாக மெதுவாகிறார், அவ்வளவுதான்.

ஏன் என்று பார்ப்போம். ஓடத் தொடங்கியதும் முதல் சில விநாடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற சேமிப்பு கைகொடுக்கும். அப்புறம் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் வழி முழு வீச்சில் இறங்குகிறது, வேகமான வழிதான், ஆனால் போகப்போகத் தசையில் அமிலத்தன்மை ஏறும். மூன்றாவது வழி ஆக்சிஜன். அது விறகடுப்பு மாதிரி, நன்றாகப் பற்றிக்கொள்ள நேரம் எடுக்கும்: இதயமும் நுரையீரலும் உச்சத்தை நெருங்கவே முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகலாம், அதற்குள் முதல் சுற்றே முடிந்துவிடும். இருந்தும் இரண்டு நிமிட ஓட்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. 800ஐ "நீண்ட ஸ்பிரிண்ட்" என்று மட்டும் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கால் கனத்துப்போவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். லாக்டேட் பாவம், அதை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. கூடவே சேரும் ஹைட்ரஜன் அயனிகள், பாஸ்பேட், தசைச் செல்லுக்கு வெளியே கசியும் பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து தசை சுருங்கும் வலுவைக் குறைக்கின்றன.

அப்படியென்றால் முதல் சுற்றை மெதுவாக ஓடினால் என்ன? சற்று வேகமான தொடக்கம் ஆக்சிஜன் பயன்பாட்டைச் சீக்கிரம் மேலே ஏற்றிவிடும் என்பது ஒரு காரணம். அதனால் பெரிய சாதனைகள் பெரும்பாலும் முதல் சுற்று வேகம், இரண்டாவது மெதுவு என்றே அமைகின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91ல் ஆண்கள் உலக சாதனை வைத்தபோதும் முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63.

கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுவதும் இந்த உடலியலின் ஒரு பகுதிதான். ஆனால் 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் சிலர் களைத்து விழுந்தார்கள் என்று சொல்லி 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800ஐயே எடுத்துவிட்டார்கள். ஆண்களும்தான் விழுகிறார்கள், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு கணக்கு எனக்குப் பிடித்தது. ஒரு வளைவை முதல் பாதைக்குப் பதிலாக இரண்டாவது பாதையில் ஓடினால், பாதையின் அகலம் 1.22 மீட்டர் என்று கொண்டால், 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஷ்டெரேவாவின் அன்றைய சராசரி வேகத்தில் அது சுமார் 0.55 விநாடி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளி 0.48. இதனால்தான் கூட்டத்தில் இடம் பிடிக்க அவ்வளவு முழங்கை இடி!

நான்கு நாள் கழித்து நடந்த 1500 இறுதி வேறு மாதிரி. மெதுவாகப் போன ஓட்டம், கசன்கினா 4:05.48ல் வென்றார். அவரே ஒரு மாதம் முன்பு 3:56.0 ஓடியிருந்தவர். இப்படிப்பட்ட ஓட்டத்தில் ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் தரும் சேமிப்பு கடைசிவரை பெரிதாகச் செலவாகாது, அதனால் இங்கே நிஜமாகவே கடைசியில் வேகமெடுக்க முடியும். 800 மீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு இது வசதிதான், ஆனால் அந்த இறுதியில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஷ்டெரேவா 4:06.57ல் நான்காவது.

இந்த நேரங்களைப் பேசும்போது அந்தக் காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் அரசே நடத்திய ஊக்கமருந்துத் திட்டம் பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்தது. ஸ்டீராய்டு தசையைப் பெருக்குவதோடு, கடும் பயிற்சியிலிருந்து சீக்கிரம் மீளவும் வைக்கும், 800க்கு அது இரட்டை லாபம். அதற்காக அன்று ஓடிய ஒவ்வொருவரையும் சந்தேகிப்பது நியாயமில்லை, ஆனால் 1983ல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோக்விலோவா வைத்த பெண்கள் 800 உலக சாதனை 1:53.28 நாற்பது ஆண்டுகள் கடந்தும் நின்றது ஏன் என்ற பேச்சு ஓயாததற்கு அந்தக் காலச் சூழலும் ஒரு காரணம்.