டோக்கனை ரத்து செய்தாலும் கொட்டிய நெல் கொட்டியதுதான்

தை மாசம் நீடாமங்கலம் பக்கம் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? களம் முழுக்க நெல் குவிந்து கிடக்கும். முறை வந்தவரின் குவியலில் ஒரு பிடி அள்ளி ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பமாக எடைபோட்டு, சாக்கைத் தைத்து அடுக்குவார்கள்.

இப்போது ஒரு கற்பனை. ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் 100 டோக்கனுக்கு மேல் நிலுவையில் இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி. ஒருவர் டோக்கன் போடுகிறார். தொழிலாளர்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டத் தொடங்கியதும் "வேண்டாம், ரத்து" என்கிறார். எழுத்தர் பெயரை அடிக்கிறார்; நிலுவை பூஜ்ஜியம். உடனே அடுத்த டோக்கன், உடனே ரத்து. பதிவேட்டில் விதி மீறப்படவே இல்லை. ஆனால் களத்தில் ஆட்களுக்கு மூச்சு முட்டுகிறது. நிஜ விவசாயிகள் டிராக்டரோடு வெளியே நிற்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் இணைய சர்வர்களுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். அந்தத் தாக்குதலுக்கு 'ரேபிட் ரீசெட்' என்று பெயர். அக்டோபர் 10 அன்று கூகுள், அமேசான், இணையதளங்களைக் காக்கும் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் மூன்றும் சேர்ந்து இதை வெளியிட்டன. கூகுள் தாங்கிய தாக்குதலின் உச்சம் விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். கிளவுட்ஃபிளேர் பக்கம் 20.1 கோடி, அதற்குப் பின்னால் இருந்தவை சுமார் 20,000 கணினிகள்தான். அந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு சின்னப் படைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

பதில் ஹெச்டிடிபி/2 நெறிமுறைக்குள், அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்குள் இருக்கிறது. பழைய முறையில் ஒரு இணைப்பில் ஒன்று முடிந்துதான் அடுத்தது. புதியதில் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் ஒன்றாகப் போகும். ஒரு நேரத்தில் இத்தனைதான் என்று சர்வர் வரம்பு வைக்கும், பெரும்பாலும் 100 அல்லது 128. கும்பகோணத்திலிருந்து சர்வருக்குச் சேதி போய்த் திரும்ப 40 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு 100 என்றால், பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்ப முடியும் என்பதால், ஒரு இணைப்பில் விநாடிக்கு 2,500 கோரிக்கைதான் போகும். தூரமே ஒரு காவல்.

ரத்து அந்தக் காவலை உடைத்துவிட்டது. நாம் பக்கத்தை மூடினால் பிரவுசர் 'இனி வேண்டாம்' என்று ஒரு ரீசெட் அனுப்பும். நல்ல வசதி அது. அதற்குச் சர்வரின் சம்மதம் தேவையில்லை, அனுப்பிய நொடியே எண்ணிக்கை குறைந்துவிடும். கோரிக்கையும் ரீசெட்டுமாக மாற்றி மாற்றி அனுப்பினால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். சர்வரோ அதற்குள் கோரிக்கையின் தலைப்புத் தகவல்களை (ஹெடர்) பிரித்துப் படித்து, பின்னால் இருக்கும் செயலிக்கும் வேலையைத் தள்ளியிருக்கும். திறந்திருப்பதை எண்ணினார்கள், நடந்துகொண்டிருக்கும் வேலையை எண்ணவில்லை. பிழை அங்கேதான்.

எனக்குப் பிடித்த திருத்தம் 'கோ' என்னும் நிரல்மொழியினுடையது. ரத்தானாலும் சரி, உள்ளே ஓடும் வேலை முடிகிறவரை அது கணக்கில் நிற்கும். வரம்பை மீறி வருபவை வரிசையில் நிற்கும். வரிசை நீண்டால் இணைப்பே துண்டிக்கப்படும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு இணைப்புக்கு மொத்தம் 1,000 கோரிக்கை என்று முன்பே ஒரு வரம்பு இருந்ததால் அது ஓரளவு தப்பித்தது. வேகம் வேண்டும் என்று அந்த எண்ணைப் பலமடங்கு ஏற்றிவைத்தவர்கள் தப்பவில்லை. உங்கள் கல்லூரியிலோ சங்கத்திலோ பழைய சர்வர் ஒன்று ஓடுகிறதென்றால், அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் அமைப்புக் கோப்பில் அந்த வரம்பு எழுதியிருக்கும் ஒரு வரியையும் திறந்து பாருங்கள்.