தங்கூசி அறுக்கும் மடக்குக் கத்திக்கு எந்தச் சாணைக் கருவி?

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "படகில் தங்கூசியும் (நைலான் தூண்டில் இழை) கயிறும் அறுக்க ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்கிறேன். அலகு இரண்டரை அங்குலம் இருக்கும். சிமெண்ட் படியில் தீட்டினால் ஒரு நாள் நன்றாக வெட்டுகிறது, மறுநாள் வழுக்குகிறது. கோணம் மாறாமல் தீட்டும் கருவி என்று விற்கிறார்களே, அதில் எதை வாங்கலாம்?"

சிமெண்டில் இருக்கும் மணல் எஃகைத் தேய்க்கத்தான் செய்யும். தேய்ப்பது கை, கோளாறும் அங்கேதான். ஒரு இழுப்பு 15 டிகிரியில் போகும், அடுத்தது 25-இல் போகும். விளிம்பு கூராகாமல் உருண்டுவிடும். ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்றும் எழுந்து நிற்கும். முதல் நாள் வெட்டுவது அந்தப் பிசிறுதான். கயிற்றில் இரண்டு முறை பட்டதும் அது மடங்கிவிடுகிறது. மறுநாள் வழுக்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடைகளில் நான்கு வகை கிடைக்கும். கத்தியை V வடிவ இடுக்கில் விட்டு இழுக்கும் மலிவுக் கருவி விளிம்பைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கிறது; அது வேண்டாம். காந்தக் கட்டையில் அலகை ஒட்டிவைத்து உருளையை உருட்டும் வகை அகலமான சமையல் கத்திக்கு ஏற்றது. 13 மில்லிமீட்டர் அகல அலகு அந்தக் கட்டையை விட்டு வெளியே எட்டிப் பார்க்கவே சிரமப்படும். சாய்த்து நிறுத்திய இரண்டு பீங்கான் கம்பிகளின் மேல் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இறக்கும் வகை சின்ன அலகுக்கு நல்லது. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கருவியில் பக்கத்துக்கு 15, 20 என இரண்டு கோணங்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே உருண்டுபோன விளிம்பை அதில் மீட்க மணிக்கணக்காகும். மிச்சமிருப்பது கிளாம்ப் வகை: அலகின் முதுகைக் கவ்விப் பிடித்து, கல் பொருத்திய கம்பியை ஒரு துளை வழியாக விட்டு இழுப்பது. வாசகருக்கு வேண்டியது இதுதான்.

இந்தக் கருவிக்குள் ஒளிந்திருக்கும் வடிவியல் அழகானது. கல் கம்பியோடு சேர்ந்து இடமும் வலமும் போகிறது. ஓரங்களுக்குப் போகப்போகத் துளைக்கும் விளிம்புக்கும் இடையே தூரம் கூடுகிறது. அப்படியானால் கோணம் குறைய வேண்டாமா? பலரும் குறையும் என்றே நினைக்கிறார்கள். நேரான விளிம்பில் அது இம்மியும் குறையாது. ஒரு நேர்கோடும் அதன் மேல் இல்லாத ஒரு புள்ளியும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம்தான் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே கோடு கத்தியின் விளிம்பு, புள்ளி கம்பி நுழையும் துளை. இறுக்கிக் கட்டிய படகின் முக்கோணப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து அடிக்கம்பின் எந்த இடத்துக்கு நூல் பிடித்தாலும் நூல் துணியை விட்டு விலகாது. அதுபோலக் கல் எங்கே போனாலும் அதே தளத்தில்தான் கிடக்கும். மாறுவது கம்பியின் சரிவு மட்டும். தளத்தின் சாய்வு மாறுவதில்லை. கோணமானியைக் கம்பியின் போக்கில் வைத்து அளந்தவர்களுக்குக் கோணம் குறைவதுபோலத் தெரிவது இதனால்தான். விளிம்புக்குச் செங்குத்தாக வைத்து அளக்க வேண்டும்.

சிக்கல் வருவது முனைப்பக்க வளைவில். அங்கே விளிம்பு நேர்கோட்டை விட்டு விலகுகிறது. வளைவின் ஒவ்வொரு இடத்திலும் விளிம்பு போகும் திசையை நேர்கோடாக நீட்டிப் பாருங்கள். துளைக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் எவ்வளவோ, அதுதான் அங்கே கோணத்தைத் தீர்மானிக்கிறது. தூரம் கூடினால் கோணம் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துளைக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து நேர் விளிம்பு 100 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, துளை அலகின் தளத்துக்கு மேல் 36.4 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் கோணம் 20 டிகிரி. முனை 8 மில்லிமீட்டர் முதுகுப்பக்கம் ஏறி, அங்கே விளிம்பு 35 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாம்பின் நடுவிலிருந்து முனை 43 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் முனையிலும் 20 டிகிரியே கிடைக்கும். 60 தள்ளி இருந்தால் 18.3 ஆகக் குறையும், 25 ஆக இருந்தால் 22 ஆகக் கூடும். ஆக, 65 மில்லிமீட்டர் அலகில் கிளாம்ப் பிடிக்க வேண்டிய இடம் நட்டநடு அல்ல, சற்றுக் கைப்பிடிப் பக்கம். உங்கள் கத்தியின் வளைவுக்கு இந்த எண் மாறும், அதைக் கண்டுபிடிக்கக் கணக்கும் தேவையில்லை. விளிம்பை ஒட்டிக் கல் தேய்த்த சாய்வுப் பட்டை முனையில் அகலமாகிக்கொண்டே போனால் அங்கே கோணம் குறைந்திருக்கிறது, கிளாம்பை முனைப்பக்கம் நகர்த்துங்கள். குறுகினால் கைப்பிடிப் பக்கம் நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் முதுகில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள், அடுத்த முறையும் அங்கேயே பிடிக்கலாம்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. பெட்டியில் எத்தனை கல் இருக்கிறது என்று எண்ண வேண்டாம், கிளாம்பின் தாடை எவ்வளவு மெல்லிசு என்று பாருங்கள். 13 மில்லிமீட்டர் அகல அலகில் தாடை 4 மில்லிமீட்டரைக் கவ்விக்கொண்டால் மிச்சம் 9. விளிம்பிலிருந்து 20 டிகிரியில் ஏறும் கல் தாடையை அடையும்போது அலகின் நடுத்தளத்துக்கு மேல் 3.3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும், 15 டிகிரியில் 2.4 தான். தாடையின் மேற்பக்கம் அதைவிட உயரமாக இருந்தால் கல் கத்தியை விட்டுவிட்டுத் தாடையைத் தீட்டும். சின்னக் கத்திக்காரர்கள் கருவியைப் பரணில் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கருவியில் அச்சடித்த கோணத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். லான்ஸ்கி வகையில் 17, 20, 25, 30 என்று துளைகள் இருக்கும். குறுகிய அலகின் விளிம்பு துளைக்குக் கிட்டே வந்துவிடுவதால் உண்மைக் கோணம் கூடும். மேலே சொன்ன கணக்கில் 100-க்குப் பதில் 85 மில்லிமீட்டர் என்றால் 20 என்ற துளை 23 டிகிரி தரும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் தடிமன் 2 மில்லிமீட்டர் வேறுபட்டாலே ஏறக்குறைய 1 டிகிரி நகர்ந்துவிடும். பட்டையில் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். மை முழுதாக அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, விளிம்போரம் மட்டும் அழிந்தால் அதிகம்.

கற்களில், சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடே போதும். அதன் இயற்கை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தக்கல்லிலிருந்து போனதுதான். வைரத் தகடு வேகமாக வெட்டும், குழிவிழாது. ஆனால் அழுத்தினால் நிக்கல் பூச்சிலிருந்து வைரத்துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கல்லின் எடையே போதுமான அழுத்தம்.

வேலை இப்படி. பக்கத்துக்கு 20 டிகிரி வையுங்கள். முதுகைக் கவ்வும் இடத்தில் ஒரு சுற்று காகித டேப் ஒட்டினால் நழுவாது. 400 நம்பர் கல்லால் (நம்பர் கூடினால் கல்லின் துகள் நைசு) ஒரே பக்கத்தை இழுங்கள். மறுபக்கத்தில் அடி முதல் முனை வரை பிசிறு விரலில் தட்டுப்படும் வரை திருப்பக் கூடாது. அவசரப்பட்டுத் திருப்புவதுதான் இதில் முதல் தவறு. பிறகு மறுபக்கம், பிறகு 800 நம்பர். கடைசியில் பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி, கல் விளிம்பை எதிர்த்துப் போகும் திசையில், மிக லேசாகப் பத்து முறை. பிசிறு போவது இந்தப் பத்தில்தான். முனையில் கல்லின் பாதி அகலம் தாண்டியதும் நிறுத்துங்கள், முழுக்க வெளியே விட்டால் முனை உருண்டுவிடும்.

நம்பர் கூடக்கூடக் கூர் கூடும் என்பது கடைக்காரர் வளர்த்த மூடநம்பிக்கை. கண்ணாடி போல மெருகேறிய விளிம்பு பாலிஎத்திலீன் கயிற்றில் வழுக்கும். கயிறு அறுக்க 600 முதல் 800-இல் நிற்பதே மேல். நுண்ணிய பற்கள் இழையைப் பிடித்துக்கொள்ளும். கணவாய் சுத்தம் செய்யவென்றே ஒரு கத்தி இருந்தால் அதை மட்டும் 1000-க்கு மேல் கொண்டுபோகலாம்.

பிறகு உப்பு. நன்கு தீட்டிய விளிம்பின் நுனி ஒரு மைக்ரான் அளவுக்கும் குறைவு. துருப்பிடிக்காத எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைக்கும்போது முதலில் போவது அந்த நுனி. மண்டபத்தில், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு, கடல் நீரில் உலோகம் அரிக்கப்படுவதை ஆராயும் நிலையம் இருக்கிறது. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் செலவிடும் ஆய்வுப் பணத்தில் ஒரு துளி, மீனவர் கையில் இருக்கும் கத்திக்கும் தூண்டில் முள்ளுக்கும் வந்தால் நன்றாயிருக்கும். அதுவரை, கரை வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, விளிம்பிலும் மடக்கும் மூட்டிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

கூர் வந்ததா என்று பார்க்க நகத்தில் வைத்துத் தேய்க்க வேண்டாம். சமையலறை எடைக் கருவியில் ஒரு டம்ளரை வைத்து, அதன் வாயின் குறுக்கே தங்கூசியை இழுத்து ஒட்டுங்கள். எடையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, இழையின் நடுவில் கத்தியை இழுக்காமல் நேராக அழுத்துங்கள். எத்தனை கிராமில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தீட்டும் முன் ஒரு முறை, பின் ஒரு முறை, கடலுக்குப் போய்வந்த மறுநாள் ஒரு முறை. மூன்று முறையும் ஒரே தடிமன் தங்கூசி, ஒரே இறுக்கம். மறுநாள் எண் மட்டும் எகிறியிருந்தால், பிசிறு இன்னும் போகவில்லை. கடைசிப் பத்து இழுப்பைத் திரும்பச் செய்யுங்கள்.