பந்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்

சிகாகோவின் ஏழைப் பகுதிகளில் உள்ள பள்ளிகளில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் பையன்களுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது. 'பிகமிங் எ மேன்' என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். ஒருவன் கையில் பந்து. மற்றவனிடம், "30 நொடிக்குள் அவன் கையிலிருந்து பந்தை வாங்கு" என்பார் பயிற்சியாளர். உடனே இழுபறி, தள்ளுமுள்ளு, மல்லுக்கட்டு. நேரம் முடிந்ததும் அவர் கேட்பார்: "ஏன் ஒருத்தர்கூட 'பந்தைக் கொடு' என்று கேட்கவில்லை?" கேட்டால் தரமாட்டான், என்னைக் கோழை என்று நினைப்பான் என்றெல்லாம் பதில் வரும். பந்து வைத்திருந்தவனிடம், "கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்பார். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான் அவன்.

வன்முறைக் குற்றங்களில் பெரும்பகுதி திட்டம் போட்டு நடப்பதில்லை. எதிரில் இருப்பவனைப் பற்றிச் சில நொடிகளில் மனம் போடும் தப்புக்கணக்கில் தொடங்குகிறது. 1980-இல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் இதைச் சிறுவர்களிடம் சோதித்தார். தன் வேலையை இன்னொரு பையன் கெடுத்துவிட்டான் என்று ஒவ்வொருவனும் நம்பும்படி செய்தார். அது தெரியாமல் நடந்தது என்று தெளிவாக இருந்தால், முரட்டுப் பையன்களும் பொறுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்தானா, இல்லையா என்று புரியாத நிலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் அதைப் பகை என்றே எடுத்துக்கொண்டு பதிலடியில் இறங்கினார்கள்.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆபத்தான தெருவில் ஒருவன் செல்போனைப் பிடுங்க வரும்போது பேசாமல் கொடுத்துவிட்டால், அடுத்த வாரமும் இவனையே தேடி வருவார்கள். அங்கே எதிர்த்து நிற்பது பிழைக்கும் வழி. நாள்தோறும் பழகிப் பழகி அது யோசிக்காமலே வரும் செயலாகிவிடுகிறது. வகுப்பில் ஆசிரியர் "வாயை மூடிக்கொண்டு உட்கார்" என்றாலும் அதே கை ஓங்குகிறது. சிக்கல் அங்கேதான். அதனால் இந்த வகுப்பில் 'சண்டை போடாதே' என்று உபதேசம் செய்வதில்லை. இது எந்த இடம், இவன் நினைப்பதாக நான் நினைப்பது சரிதானா என்று நின்று பார்க்கப் பழக்குகிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று உளவியலில் சொல்வதன் ஒரு வடிவம் இது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வுக்கூடம் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் சோதித்து, முடிவுகளை 2017-இல் வெளியிட்டது. வகுப்பு நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தன. பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் கூடினார்கள்.

பயம் காட்டினால் போதாதா? 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள். கை ஓங்கும் நொடியில் தண்டனையின் நினைப்பே வருவதில்லை என்றால், தண்டனையைப் பெரிதாக்கி எதைத் தடுக்க முடியும்? பிடிபடுவோம் என்ற நிச்சயம், தண்டனையின் கடுமையைவிட மிக அதிகமாகத் தடுக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சட்டம் இயற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் சிகாகோவில் வகுப்பு நின்றதும் கைதுகளில் தெரிந்த பலன் மங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லைபீரியாவின் மன்ரோவியாவில் நடந்த சோதனை. உள்நாட்டுப் போரில் சிதைந்த அந்த நகரில், திருட்டிலும் போதைப்பொருள் விற்பனையிலும் இருந்த 999 இளைஞர்களைக் குலுக்கலில் நான்காகப் பிரித்தார்கள். சிலருக்கு இதே வகையில் 8 வாரச் சிகிச்சை, சிலருக்கு 200 டாலர் ரொக்கம், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. கோபத்தை அடக்குவதோடு, முடி வெட்டி, சுத்தமாக உடுத்தி, கடைக்குள் கௌரவமாக நுழைந்து வருவதும் சிகிச்சையில் ஒரு பயிற்சி. நடத்தியவர்களில் முன்னாள் போராளிகளும் உண்டு.

பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் போகப் போகக் குறைந்தது. இரண்டும் பெற்றவர்களிடமோ, 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் குற்றச் செயல்கள் எதுவும் பெறாதவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தன. பணம் ஏன் உதவியது? அதை வைத்துச் சிலர் சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். அது சில மாதங்களில் தீர்ந்தும் போனது. ஆனால் அந்தச் சில மாதம் திருடாமல் வாழ முடிந்தது. சிகிச்சையில் கற்ற நடத்தை பழக்கமாவதற்கு அந்த அவகாசம் போதுமாக இருந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.