பல் கிட்டிய தாடை: ஊசிக்குப் பிறகே வேலை தொடங்குகிறது

மெல்லும் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் ஒரு பக்கப் பாரிசவாதத்தில் தாடை இறுகுவது அரிது. இரு பக்கமுமோ மூளைத்தண்டோ பழுதானால்தான் பெரும்பாலும் பல் கிட்டிக்கொள்ளும்.

கொழும்பில் வாய் திறக்காத ஒருவரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, வெற்றிலை போடுபவரா என்பதே. பாக்கினால் உட்கன்னம் நாராகி இறுகியிருந்தால் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியால் பலனில்லை. கொடுப்புப் பல்லில் சீழ், ஏற்புவலி (டெட்டனஸ்) இரண்டையும் விலக்க வேண்டும். தாடையை மெதுவாகவும், பின் சற்று வேகமாகவும் இறக்கிப் பாருங்கள்: விறைத்த தசை வேகத்துக்குத்தான் முரண்டு பிடிக்கும், நாரான திசு எந்த வேகத்திலும் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

பொட்டுலினம் நச்சு, தசையைச் சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதைத் தடுக்கிறது. பொடொக்ஸ் என்ற பெயரில் வரும் இந்த மருந்தின் 100 அலகுக் குப்பியில் 2 மி.லீ. சேலைன் விட்டால் 0.1 மி.லீ.இல் 5 அலகு இருக்கும். கன்னத்து மெல்லும் தசைக்குப் பக்கமொன்றுக்கு வழக்கமாக 25 முதல் 50 அலகு, சில புள்ளிகளில் பிரித்து. வேறு கம்பனி மருந்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தத் தவறு ஆபத்தானது. காதுச்சோணைக்கும் கடைவாய்க்கும் இடையே கோடு கீறி, அதற்குக் கீழேதான் குத்த வேண்டும். தசையின் முன்விளிம்பை நெருங்கினால் சிரிப்பு கோணும். மருந்து தொண்டைப் பக்கம் பரவினால் விழுங்குவது சிரமமாகும். இந்த நோயாளிகளில் பலருக்கு அது ஏற்கெனவே சிரமம்தான்.

சில நாட்களில் தளர்வு தொடங்கி, 2 முதல் 4 வாரங்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ 3 மாதத்தில் மங்கும். 12 வாரத்துக்கு முன் மறு ஊசி போடுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் குறுகிப்போன தசையை மருந்து நீட்டாது. அது இயன்மருத்துவரின் வேலை. ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, மருந்து பரவும். பிறகு தினமும் 10 நிமிடம் வெந்நீரில் பிழிந்த துவாயால் ஒத்தடம். கன்ன எலும்பிலிருந்து தாடை மூலை வரை உள்ளங்கையால் மெல்ல இழுத்து நீவல். கையுறையிட்ட விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, வெளியே பெருவிரலை வைத்து, தசையை அமுக்கிப் பிடிக்கலாம். பற்களுக்கு இடையில் மட்டும் விரல் போகக் கூடாது. பல்லோ முரசோ தொடுபட்டாலே சிலர் தம்மை அறியாமல் கடித்துவிடுவார்கள்.

நீட்டுவதற்கு, நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கிக் கொடுப்புப் பற்களுக்கு இடையே 30 விநாடி வைத்து, தளரத் தளர ஒவ்வொன்றாகக் கூட்டலாம். முன்பற்களின் இடைவெளியை வாரமொருமுறை அளந்து எழுதுங்கள், 35 மி.மீ.க்குக் குறைந்தால் குறைவுதான். ஆடும் பல் இருந்தால் குச்சி வேண்டாம். கழன்ற பல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.